ஒரு வீடு, ஒரு சாவு, ஒரு தெரு: சேலத்தை வைத்து முதல் நாவல் எழுத வருகிறவர்களுக்கு

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் முப்பது வருடம் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்ற மறுமாதமே நாவல் எழுத உட்கார்ந்தேன். நான்கு வருடம் ஆனது. மூன்று முறை முழுதாக எழுதி, இரண்டு முறை பரண்மேல் போட்டேன். அதனால் இதைப் பெரிய எழுத்தாளர் தரும் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் போய்ப் பள்ளத்தில் விழுந்தவன், பின்னால் வருகிறவர்களுக்குக் கைகாட்டுகிறேன்.

எழுத நினைத்தது எந்த வகை நாவல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் இறந்துபோகிறார், அல்லது ஒரு வீடு கைவிட்டுப் போகிறது. மிச்சமிருப்பவர்கள் தெருவாரோடு சேர்ந்து மெல்ல எழுந்து நிற்கிறார்கள். படித்து முடித்தவருக்கு மனம் லேசாக வேண்டும். இப்போது பலரும் விரும்பிப் படிக்கும் வகை இது. எளிதாகத் தோன்றும். என் முதல் வரைவில் கதாநாயகி சென்னையிலிருந்து ஏற்காட்டுக்கு வந்தாள், பனியைப் பார்த்தாள், காபி குடித்தாள், ஒரு பெரியவர் நாலு நல்ல வார்த்தை சொன்னார், அவள் துக்கம் தீர்ந்தது. சுற்றுலாத் துறை அச்சடித்துக் கொடுத்திருக்கலாம்.

1. ஊரை விட்டுவிட்டு வீட்டைப் பிடியுங்கள்

"சேலம்" என்று தொடங்கினால் மாம்பழமும் இரும்பாலையும் வந்து நிற்கும். "குகையில், தறிக்குழி உள்ள ஓட்டு வீடு" என்று தொடங்கினால் ஆட்கள் வருவார்கள். (குகை என்பது சேலத்தில் நெசவாளர்கள் இருக்கும் பகுதி. தறிக்குழி, நெய்கிறவர் கால் விட்டு உட்காரும் பள்ளம்.) வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் போடுங்கள். குழி எந்த அறையில் இருக்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, சாவு விழுந்தால் உடலை எங்கே கிடத்துவார்கள், பாடையைத் திருப்ப வாசலில் இடம் இருக்கிறதா. கடைசிக் கேள்வி குரூரமாகப் படலாம். என் நாவலின் ஓர் அத்தியாயமே அதிலிருந்துதான் கிடைத்தது: திண்ணையை இடித்து வாசலைக் குறுக்கிய மகன், அப்பாவின் உடலை வெளியே எடுக்க முடியாமல் நிற்கிறான்.

வீடுகளுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கீழே வெள்ளிக் கொலுசுப் பட்டறையும் மேலே குடித்தனமுமாக ஒரு வீடு. மலைமேல் காபித் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் தொழிலாளர் குடியிருப்பில் ஒன்று. சேகோ ஆலைக்குப் பக்கத்தில், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுத் தொட்டியின் புளித்த வாடை சுவரில் ஏறிப்போன ஒன்று. ஆலையில் சேர்ந்த ஒரு மாதத்தில் அந்த வாடை மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். விருந்தாளி வந்து முகம் சுளிக்கும்போதுதான் மறுபடி தெரியும். இது போன்ற ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

பிறகு, அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டைப் பற்றிய நாவலில் பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் எல்லாமே கதாபாத்திரங்கள். ஓர் உதாரணம். பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களைப்போல் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணமான மகள்களுக்கு அது பொருந்தவில்லை. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் வந்து அந்த வேறுபாட்டை நீக்கியது. அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவாகியோ நீதிமன்றத் தீர்ப்பாலோ முடிந்த பாகப்பிரிவினைகளைக் கிளற முடியாது.

இப்போது 1988 தையில் திருமணமான அக்காவையும், 1990இல் திருமணமான தங்கையையும் ஒரே திண்ணையில் உட்கார வையுங்கள். பதினாறு வருடம் அக்காவுக்குப் பங்கில்லை, தங்கைக்கு உண்டு. அப்புறம் ஒருநாள் அக்காவுக்கும் உண்டு. அதற்குள் தம்பி அவசரமாகப் பாகப்பத்திரம் பதிந்தானா, எந்தத் தேதியில் பதிந்தான்? வில்லன் யாரையும் நீங்கள் உருவாக்க வேண்டியதில்லை.

2. இழப்பைக் கணக்காக எழுதுங்கள்

"அவள் நெஞ்சில் வெறுமை சூழ்ந்தது" என்ற வாக்கியம் என் இரண்டாம் வரைவில் பதினோரு இடத்தில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை புத்தி. அந்தப் புத்தியே பிறகு கைகொடுத்தது. ஆலையில் ஒரு லோடு கிழங்கு வீணாகிவிட்டால் "நஷ்டம்" என்று மட்டும் எழுதி மூட மாட்டோம். எத்தனை மூட்டை, எந்தத் தேதி, யார் பொறுப்பு, எவ்வளவு மீட்டது என்று எழுதுவோம். சாவையும் அப்படி எழுதிப் பார்த்தேன்.

என் கதையில் இறப்பவர் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். அவர் போனதும் என்னென்ன பாக்கி நிற்கிறது என்று ஒரு பக்கம் எழுதினேன். தறியில் அரைகுறையாக நிற்கும் வேட்டி. பாவும் ஊடையும் அவருடையவை அல்ல, நூல் கொடுத்த முதலாளியுடையவை. வாங்கிய முன்பணத்தில் பாதி தீரவில்லை. மூக்குக் கண்ணாடி ஒன்று, கால் உடைந்து நூல் கட்டியது. செல்போனில் மூன்று பேருக்கு மட்டும் அழைப்பு போயிருக்கிறது, அதில் ஒரு பெயர் வீட்டில் யாருக்கும் தெரியாது. ரேஷன் அட்டையில் பெயர் நீக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. "வெறுமை" என்ற சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

அடுத்ததாகப் பதினாறு நாளையும் தனித்தனியாக எழுதுங்கள். உங்கள் சாதிசனத்தில் காரியம் எத்தனையாம் நாள் என்பது வேறாக இருக்கலாம். உங்கள் வீட்டுக் கிழவிகளைக் கேட்டுச் சரிபாருங்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு முதல்நாள் யார் சோறு கொண்டுவந்தார்கள், சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததா, எதிர்வீட்டிலிருந்து வந்ததா? கோடித்துணி போட வந்தவர்களில் யார் பேசாமல் போனார்கள்? மூன்றாம் நாளுக்குப் பிறகு துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு ஒரே கதையை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது? பத்தாவது தடவை சொல்லும்போது கதை கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தை எழுதுகிறவர் நாவலாசிரியர்.

ஒரு ஆளுக்குப் பதிலாக ஓர் ஊரே போவதையும் எழுதலாம். மேட்டூர் அணை வேலை 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அதன் நீர்ப்பரப்பில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். மக்கள் போய்ப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். நானும் போனேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் நந்தியைப் பார்க்கவே இல்லை. நீருக்குள் வேறொரு திசையைக் காட்டி, "எங்க தாத்தா களம் அங்க" என்றார். ஊர் போனதை எழுத விரும்புகிறவர் நந்தியை விட்டுவிட்டு அந்த விரல் நீண்ட திசையில் போகலாம்.

3. தெருவில் யார் யாருக்குக் கடன்பட்டவர்?

"அன்பான ஊர்மக்கள்" என்று எந்த ஊரிலும் யாரும் இல்லை. கொடுக்கல் வாங்கல் உள்ள மக்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுங்கள். பழைய நோட்டாக இருந்தால் நல்லது. யார் எவ்வளவு வைத்தார், நாம் திருப்பி எவ்வளவு வைத்தோம், எந்த வருடத்தோடு ஒரு பெயர் நின்றுபோனது. நின்றுபோன பெயர் ஒவ்வொன்றும் ஒரு சண்டை, அல்லது ஒரு சாவு, அல்லது திருப்பூருக்குப் போன ஒரு குடும்பம். என் நாவலின் துணைப் பாத்திரங்கள் ஆறு பேரும் அந்த நோட்டிலிருந்து எழுந்து வந்தவர்கள்தான். பெயர்களை மட்டும் மாற்றினேன். உறவுக்காரர்கள் படிப்பார்கள், ஜாக்கிரதை.

இன்னொன்று, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஊர் கூடித் தேர் இழுப்பதாக எழுதுகிறவர்கள், வடத்தைத் தொட யாருக்கு விடவில்லை என்பதை எழுதாமல் தாண்டிவிடுகிறார்கள். சாதி பெயரே வராத ஊர்க் கதை மனதுக்கு இதமாக இருக்கும், ஆனால் அந்த இதம் பொய். உங்கள் தெருவுக்குச் சாவுச் செய்தி சொல்ல வந்தவர் யார், அவருக்கு எந்த டம்ளரில் காபி கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். மனம் லேசாக்கும் நாவல் அதைத் தாங்காது என்று பயப்பட வேண்டாம். அந்த டம்ளர் கதை முடிவதற்குள் மாறினால், வாசகர் தானே கவனிப்பார்.

மலையை எழுதுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பழங்குடிகளான மலையாளி மக்கள் வாழ்கிறார்கள். கேரளத்தோடு அவர்களுக்குச் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் புறப்பட்டு வெவ்வேறு மலைகளில் குடியேறினார்கள் என்று ஒரு வழிவழிக் கதை அவர்களிடம் உண்டு. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரளும். நகரத்துக் கதாநாயகிக்கு ஞானம் சொல்வதற்காக ஒரு மலைவாசிக் கிழவரை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். மேலே சொன்னேனே, நாலு நல்ல வார்த்தை சொன்ன பெரியவர் என்று, அவர்தான். இரண்டாம் வரைவில் அவருக்கு ஒரு நிலத் தகராறும் மூட்டுவலியும் கொடுத்தேன். உடனே ஞானம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

4. சுவரில் ஒரு பஞ்சாங்கம்

கதை நடக்கும் பன்னிரண்டு மாதத்தையும் ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாசி, பங்குனி வாக்கில் கோடைமழை ஒன்று விழுந்தால் பத்து நாள் போல் கழித்துக் காபிச் செடி வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல மணம் வரும், சில நாளில் உதிர்ந்துவிடும். பழம் பறிப்பது கார்த்திகை தொடங்கித் தை வரை. சித்திரை, வைகாசியில் சேலத்துக் கடைவீதியில் மாம்பழம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, மாவிளக்கு, பொங்கல், குகையில் வண்டி வேடிக்கை. காபி பூக்கும் காலத்தில் பழம் பறிக்கிற காட்சியை எழுதினால் மலைக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். வேறென்ன தவறுவீர்கள் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இந்தத் தாளை நான் ஒட்டவில்லை. எல்லாம் தலைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். அதன் விளைவு கடைசியில் வருகிறது.

5. பேச்சு

சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டு எல்லாரையும் "ஏனுங்க" என்று பேசவிடாதீர்கள். சங்ககிரி, எடப்பாடிப் பக்கம் அந்தக் கொங்கு வாடை உண்டு. ஆத்தூர் தாண்டினால் பேச்சு வேறு. நகரத்துக்குள் நெசவாளர் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் வீடுகள் இருக்கின்றன. வெளியே தமிழ், உள்ளே வேறு மொழி. துக்கத்தில் அழும்போது எந்த மொழியில் அழுகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு பக்கத்துக்கு இரண்டு வட்டாரச் சொல் போதும். மூன்றாவது சொல் வரும்போது எழுதியவர் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடுகிறது.

6. நம்பிக்கை எங்கிருந்து வரும்

இதற்குத்தான் எனக்கு மூன்று வரைவு தேவைப்பட்டது. முதல் வரைவில் பெரியவரின் பேச்சிலிருந்து வந்தது. இரண்டாம் வரைவில் திடீரென்று ஒரு நல்ல விலைக்கு வீடு வாங்க ஆள் வந்தார், கடன் தீர்ந்தது. இரண்டும் நிற்கவில்லை. மூன்றாம் வரைவில் தறியில் நின்றுபோன அந்த வேட்டி நினைவுக்கு வந்தது.

எட்டு முழ வேட்டியில் ஐந்து முழம் நெய்து வைத்துவிட்டுப் போனார் அப்பா. காரியம் முடிந்து உறவுகள் கலைந்த மறுநாள் விடியற்காலை, மகளுக்குத் தறிச் சத்தம் கேட்கிறது. அரைத் தூக்கத்தில் அப்பாதான் என்று நினைத்து எழுந்து வருகிறாள். எதிர்வீட்டுக்காரர் குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். கொலு வைத்த தகராறில் எட்டு வருடமாக இந்த வீட்டாரோடு பேசாதவர். இப்போதும் பேசவில்லை. மூன்று நாள் காலையில் வந்து மிச்சத்தை நெய்கிறார். அவருடைய தறி அந்த நேரத்தில் சும்மா கிடக்கிறது, அவர் கூலி போகிறது. வேட்டியை அறுத்து மடிக்கும்போது, ஐந்தாம் முழத்துக்குப் பிறகு அடி கொஞ்சம் இறுக்கமாக விழுந்திருப்பது விரலுக்குத் தெரிகிறது. இரண்டு கைகள் மாறிய இடம். முதலாளி அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கூலியில் பிடிக்காமல் விடுகிறார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட வேலைமுறை மூன்று. உதவி செய்கிறவர் தன் கையிலிருந்து எதையாவது இழக்க வேண்டும். இலவசமாக வரும் உதவி கதையில் கனக்காது. உதவி கைவேலையாக இருக்க வேண்டும், சோறு, சுமை, நூல், கையெழுத்து என்று. மூன்றாவது, உதவிக்குப் பிறகும் குறை மிச்சம் இருக்க வேண்டும். அந்த வேட்டியில் தடம் தெரிவதுபோல. எட்டு வருடச் சண்டையும் அந்த மூன்று நாளில் தீரவில்லை. அவர்கள் பேசிக்கொள்வது கடைசி அத்தியாயத்தில்தான், அதுவும் குப்பை வண்டி வரவில்லையே என்று.

7. எழுதி முடிக்கிற கணக்கு

நாளுக்கு 300 சொல். ஆறு மாதம் விடாமல் எழுதினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும், ஒரு நடுத்தர நாவலுக்கு அது போதும். காலையில் எழுதுங்கள், சேலத்து வெயில் பதினொரு மணிக்கு மேல் யாரையும் எழுத விடாது. கணினியில் ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருக்களில் செய்தால் வேறு கணினியில் எழுத்து மாறி விழலாம். முதல் வரைவை முடிக்கும்வரை திரும்பிப் படிக்க வேண்டாம். முடித்ததும் அச்செடுத்து, ஒரு மாதம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

8. புத்தகமாக்க

சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்பகம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நீங்களே அச்சிடலாம். தேவைக்கு மட்டும் ஐம்பது, நூறு படி போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகத்துக்கான ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் மத்திய அரசின் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குப் பணம் கேட்கிறவரிடம் ஜாக்கிரதை. பதிப்புரிமை எழுதியவுடன் உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட தேசியக் களஞ்சிய நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பலர் அனுப்புவதில்லை. அனுப்புங்கள். மொய் நோட்டு தொலையலாம், கன்னிமாராவில் ஒரு படி இருக்கும்.

9. அச்சுக்கு முன் மூன்று பேர்

இலக்கியம் படிக்கிற ஒருவர், அந்தத் தொழில் தெரிந்த ஒருவர், அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவர். மூவருக்கும் கைப்பிரதியைக் கொடுங்கள், பென்சிலோடு. முதலாமவர் எனக்கு ஒன்றரைப் பக்கப் பாராட்டு எழுதிக் கொடுத்தார், பயனில்லை. தறிக்காரர் நான்கு சொல்லைத் திருத்தினார், நான்கும் சரி.

மூன்றாவது, குகையில் இருக்கும் என் சின்னம்மா. எழுபது வயதைத் தாண்டியவர், தொடர்கதைகளைத் தவிர வேறெதுவும் படித்ததில்லை. என் கடைசி அத்தியாயத்தில் பழுது பார்த்த வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள், அன்று மாலையே தெருவில் வண்டி வேடிக்கை, புராண வேடம் கட்டியவர்கள் வண்டியில் வருகிறார்கள், வீட்டு வாசலில் எல்லாரும் கூடி நிற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம். சின்னம்மா வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கோடு போட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. ஆடி மாசத்துல எவளாவது பால் காய்ச்சுவாளா?"

பால் காய்ச்சுவதை ஆவணிக்குத் தள்ளினேன். வண்டி வேடிக்கை ஆடியிலேயே நின்றுவிட்டது. நடுவில் நாற்பது பக்கம் புதிதாக எழுத வேண்டியதாயிற்று.